முன்கூட்டியே துடைத்த இடம்

பிரேமுக்குத் தன் தாகம் தெரியாது. அடுத்தவருக்குத் தாகம் எடுக்கப் போகிறது என்பது மட்டும் எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடும். கீதாஞ்சலிக்கு விக்கல் வருவதற்குள் சொம்புத் தண்ணீர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். மேற்கே கொஞ்சம் கறுத்தால் போதும், கொடியில் காய்கிற துணி அத்தனையும் உள்ளே வந்துவிடும். பிறகு மேகம் கலைந்து வெயில் கொளுத்தும்போது ஈரத்துணி நாற்காலியில் குவிந்து கிடந்து வாடை அடிக்கும். கடைசி வாய் மோர்ச்சோற்றை அவள் கையில் எடுக்கும்போதே தட்டு காணாமல் போய்விடும். "இன்னும் முடிக்கலங்க" என்று சொல்லிக்கொண்டே கையில் இருப்பதை வாயில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு தட்டை நிதானமாக வழித்துச் சாப்பிட்டதாக அவளுக்கு நினைவே இல்லை.

இப்படிப்பட்ட ஆளை எதற்கென்று திட்டுவது? பூலாம்பாடியில் இருக்கும் அவள் அம்மா கிருஷ்ணம்மாள், "எம் மாப்பிள்ளை மாதிரி ஒரு புள்ளை உண்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள். கீதாஞ்சலியும் உள்ளுக்குள் பூரித்தவள்தான். வெளியே மட்டும் முறைத்துக்கொள்வாள்.

அவர்கள் குடியிருந்தது பெரம்பலூரில், துறைமங்கலத்தில் ஒரு மாடி வீட்டில். பிரேமின் கடை அரியலூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம். தீய்ந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடை. ஜெயங்கொண்டத்துக்கும் உடையார்பாளையத்துக்கும் நடுவே எந்தக் கொல்லையில் போர்வெல் மோட்டார் புகைந்தாலும் கடைசியில் அவன் கடை வாசலில் வந்துதான் இறங்கும். காலையில் பஸ் ஏறிப் போவான், இருட்டுகிற நேரத்தில் வார்னிஷ் வாசனையோடு வந்து சேருவான். கீதாஞ்சலிக்கு அந்த வாசனை பிடிக்காது என்று நினைத்துக்கொண்டு நேராகக் குளிக்கப் போய்விடுவான். அவளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதைச் சொல்ல என்றைக்கு அவகாசம் கொடுத்தான்?

கீதாஞ்சலி பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். என்ன வேலை என்று கேட்கிறவர்களிடம் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். அதற்கு மேல் சொன்னால் கேட்டவர்கள் எழுந்து போய்விடுவார்கள். எந்த மெஷினாக இருந்தாலும் அதன் நிரல்களுக்கெல்லாம் அடியில் ஒரு நூலகம் கிடக்கும். மேலே இருக்கிற பெரிய நிரல்கள், 'இந்த இடத்தில் இருப்பதை அந்த இடத்துக்கு அப்படியே நகலெடுத்து வை' என்று ஏவினால், வாயைத் திறக்காமல் செய்து முடிக்கிற சின்னச் சின்ன நிரல்கள் அதில் இருக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அந்த ஐப்பசியில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

ரத்தப் பரிசோதனை மெஷின் செய்கிற ஒரு வாடிக்கையாளர், புதிய சிப்பு போட்ட மெஷின்களைச் சில ஆய்வகங்களுக்கு அனுப்பியிருந்தார். ஒருநாள் அதில் ஒரு மெஷின், ஒரு பெரியவருக்குச் சர்க்கரை பூஜ்யம் என்று காட்டியது. சர்க்கரை பூஜ்யம் என்றால் ஆள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவரோ எதிரே உட்கார்ந்து இரண்டாவது டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாராம். பூஜ்யம் என்று பளிச்சென்று தெரிந்ததால் ஆபத்தில்லாமல் போயிற்று. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துச் சரியான அளவைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் பிறகு வேறு ஊரிலும் அதே கதை. ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டும் பூஜ்யம். ஏன் அவருக்கு மட்டும் என்று யாருக்கும் பிடிபடவில்லை. தேடித் தேடிக் கடைசியில் எல்லார் விரலும் அடியில் கிடந்த நூலகத்தைக் காட்டின.

கீதாஞ்சலியின் மேலதிகாரி பரிமளா ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் போன் செய்தாள். நல்ல மனுஷி, கீதாஞ்சலிக்காகப் பல தடவை மேலே பேசியவள். அன்று அவள் குரலில் தெம்பில்லை.

"கீதா, மேல இருக்கறவங்க ஒரே பிடியா நிக்கிறாங்க. வீட்ல இருந்து பாக்கறவங்களால இதெல்லாம் கண்டுபிடிக்க முடியாதாம். மெஷின் இருக்கற இடத்துல ஆளும் இருக்கணுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள நீ அங்கேயே கண்டுபிடிச்சிட்டா நான் வாதாடிக்கிறேன். இல்லன்னா பெங்களூருக்கே வந்துடும்மா. நிரந்தரமா."

"போர்டை அனுப்பி வைங்க மேடம். பாக்குறேன்."

"நாளைக்கு பஸ்ல வந்துடும்."

கீதாஞ்சலி போனை வைத்தபோது அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. பெங்களூருக்குப் போக மாட்டாள். வேலையை விட்டாலும் விடுவாள். அரியலூர்க் கடை பிரேம் ஒற்றை ஆளாக உண்டாக்கியது. அதை விட்டுவிட்டு அவன் அங்கே போய் யாரோ ஒருவரிடம் கைகட்டி நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவளுக்கும் துறைமங்கலத்து மாடி அறையைத் தவிர வேறெங்கும் மூளை ஓடாது. இதைச் சொல்லத்தான் அவள் அடுக்களைக்குப் போனாள். பிரேம் அவள் கேட்காத காபியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, பெங்களூருக்கே வந்துடச் சொல்றாங்க, நான்..."

"போயிடுவோம்" என்றான் பிரேம், காபியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்லங்க..."

"நீ ஒண்ணும் யோசிக்காத. போயிடுவோம். அங்க என்ன, மோட்டாரே இல்லையா?" காபியை அவள் கையில் கொடுத்துவிட்டு, மேகம் கறுக்கிறதென்று கொடித்துணியை எடுக்க ஓடிவிட்டான்.

அவள் காபியோடு அப்படியே நின்றாள். சொல்ல வந்த வாக்கியம் பாதியிலேயே நின்றுவிட்டது. திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சுருக்கென்று ஒன்று தைத்துவிட்டது. இவ்வளவு சுலபமாகவா? அந்தக் கடை அவனுக்கு அவ்வளவுதானா? அவள்தான் ஒருத்தியாக அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தாளா? கோபத்தில் ஒன்றும் சொல்லவில்லை. கண்டுபிடித்துவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று மாடிக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை போர்டு வந்தது. உள்ளங்கை அகலத்தில் பச்சைப் பலகை, நடுவில் கறுப்பாகப் புதுச் சிப்பு. கீதாஞ்சலி தன் சோதனை நிரல்களை அதில் ஓட்டினாள். எல்லாம் சரி என்றது. சின்னதை நகலெடுக்கச் சொன்னாள், பெரியதை நகலெடுக்கச் சொன்னாள், சரி. போர்டைச் சூடாக்கிப் பார்த்தாள், கரண்டை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். சரி, சரி, சரி. செவ்வாய்க்கிழமையும் அதே பல்லவி. தப்பு என்று ஒரு தடவை சொல்லித் தொலைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கலாம். நல்ல பிள்ளை மாதிரி நடிக்கிற போர்டை என்ன செய்வது? எடுத்து ஜன்னல் வழியாக வீசலாமா என்றுகூடத் தோன்றியது.

அந்த வாரம் பிரேமிடமும் ஏதோ ஒன்று மாறியிருந்தது. மாடிப்படிக்கு அடியில் காலி அட்டைப்பெட்டிகள் சேர்ந்தன. ஏதோ மோட்டார் சாமானுக்கு என்று அவள் விட்டுவிட்டாள். ஒருநாள் காலையில் முகம் மழித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்து, "ஊட்டா ஆய்த்தா?" என்றான், சாப்பாடு ஆயிற்றா என்று கன்னடத்தில். அவள் சிரித்துவிட்டாள். கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தாள். அவனும் சிரித்தான், ஆனால் ஒரு நொடி பிந்தி. மத்தியானச் சாப்பாட்டு டப்பா மட்டும் தினமும் கழுவித் துடைத்தது போலக் காலியாக வந்தது. நன்றாகச் சாப்பிடுகிறான், மனசில் ஒரு குறையும் இல்லை என்று அதற்கும் ஒரு முறை சுருக்கென்றது அவளுக்கு.

புதன்கிழமை மத்தியானம் பரிமளா மறுபடி போன் செய்தாள்.

"ஏதாவது துப்பு கிடைச்சுதா?"

"இல்ல மேடம். எல்லாம் பாஸ்னே காட்டுது."

"சரி விடு, கொஞ்சம் சிரி. நம்ம புதுப் பசங்க உன் டெஸ்ட் கோடைப் படிச்சிட்டிருக்காங்க. எல்லாத்துலயும் கொசுறு, கொசுறுன்னு ஒண்ணு வருதே, அது என்ன மேடம்னு கேக்குறாங்க. எல்லாம் வடக்கத்திப் பசங்க."

கீதாஞ்சலிக்கும் சிரிப்பு வந்தது. அது அவள் வைத்த பேர். சோதனைக்காக நினைவகத்தில் எவ்வளவு இடம் ஒதுக்கினாலும் கடைசியில் ஒரு பிடி கூடுதலாக ஒதுக்குவாள். பெரம்பலூர்ச் சந்தையில் சின்ன வெங்காயம் வாங்கினால், தராசு நேரே நின்ற பிறகும் ஒரு கை அள்ளிப் பைக்குள் போட்டால்தான் வியாபாரம் முடிந்ததாக அர்த்தம். வீட்டில் உலை வைத்தாலும் வருகிறவருக்கென்று ஒரு ஆள் சோறு கூட. கணக்காக, கறாராக ஒதுக்குவதற்கு அவளுக்குக் கை வராது. கூடுதலாக ஒதுக்கும் அந்த இடத்துக்குக் கொசுறு என்று பேர் வைத்தாள். ஆபீஸில் எல்லோரும் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள்.

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"காய் வாங்குனா கருவேப்பிலை சும்மா குடுப்பாங்களே, அதான்டான்னேன். வழியில கொட்டிப் போனாக்கூட யாரும் தேட மாட்டாங்கன்னு சொன்னேன்."

கீதாஞ்சலியின் சிரிப்பு நின்றது.

"கீதா? லைன்ல இருக்கியா?"

"மேடம், நான் அப்புறம் கூப்பிடறேன்."

கொட்டிப் போனாலும் யாரும் தேட மாட்டார்கள். அவளும் தேடியதில்லை. நகலெடுத்தது சரியாக வந்து சேர்ந்ததா என்று மட்டும்தான் அவள் சோதனைகள் பார்த்தன. பக்கத்தில் கிடந்த கொசுறு என்ன ஆயிற்று என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அது எப்போதும் வெறும் இடம். வெறும் இடத்தில் என்ன நடந்தாலும் யாருக்குத் தெரியும்?

கொசுறு இடம் முழுவதையும் ஒரே எழுத்தால் நிரப்பினாள். பி. எந்த எழுத்தாக இருந்தாலும் சரிதான், கை தானாக அதற்குத்தான் போயிற்று. கோபத்தில் இருந்தாலும் கைக்குப் பழக்கம் போகவில்லை. பிறகு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நகலெடுக்கச் சொன்னாள். முதல் சில தடவை ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு ஒரு குறிப்பிட்ட அளவுக்கு வந்ததும் திரையில் பி எல்லாம் போய்ப் பூஜ்யமாக நின்றது.

கீதாஞ்சலி நாற்காலியிலிருந்து எழுந்து அறையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பூஜ்யம் கைக்குச் சிக்கிவிட்டது. இனி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

போய்ச் சேர்ந்த இடம், அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்பே யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு துண்டு நிரல். நகலெடுக்கிற வேலையை வேகமாக்க அதில் ஒரு தந்திரம் இருந்தது. இப்போது வேண்டியதை எடுக்கும்போதே, அடுத்து வேண்டியிருக்கும் என்று ஊகித்து, முன்னாலேயே சிப்புக்கு உத்தரவு கொடுத்துவிடும். அடுத்து படிக்கப் போவதை எடுத்துவந்து வைப்பது ஒரு வகை. அதில் கெடுதல் இல்லை, ஊகம் தப்பினால் வீண் அலைச்சல், அவ்வளவுதான். இன்னொரு வகை, அடுத்து எழுதப் போகிற இடத்தை முன்கூட்டியே துடைத்து வைப்பது. எப்படியும் புதுசாக எழுதப் போகிறோம், அங்கே இருக்கும் பழசு எதற்கு என்று சுத்தமாகத் துடைத்துவிடும். எழுதினால் சரி. எழுதாவிட்டால் துடைத்தது துடைத்ததுதான்.

சிப்பு இடத்தை ஒவ்வொரு எழுத்தாகத் துடைக்காது, பாத்தி பாத்தியாகத் துடைக்கும். அதற்கு வேறு பேர் உண்டு, கீதாஞ்சலி மனசுக்குள் பாத்தி என்றே சொல்லுவாள். பழைய சிப்பில் ஒரு பாத்தி முப்பத்திரண்டு எழுத்து. இந்த நிரலை எழுதியவர் அதை மனதில் வைத்துக்கொண்டு, நகலெடுக்கும் இடத்தின் ஓரம் வருவதற்கு எவ்வளவு முன்னால் துடைப்பதை நிறுத்த வேண்டும் என்று சரியாகக் கணக்குப் போட்டிருந்தார். புதுச் சிப்பில் ஒரு பாத்தி அதைப்போல நாலு மடங்கு. நிரலுக்கு அது தெரியாது. தன்னுடைய பாத்தி என்று நினைத்துத் துடைத்ததில், பக்கத்தில் இருந்த அடுத்தவர் ரத்தக் கணக்கும் சேர்ந்து போயிற்று. வேறு யாருடைய முடிவையோ எழுதும்போது, டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் பூஜ்யமானது இப்படித்தான்.

வியாழக்கிழமை காலைக்குள் திருத்தம் எழுதி, கொசுறையும் காவலுக்கு வைத்துச் சோதித்து, பெங்களூரில் இருந்த மெஷினிலும் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. ஒரு பூஜ்யம்கூட வரவில்லை. பரிமளா போனில் கிட்டத்தட்டக் கத்தினாள்.

"நீ எங்கயும் வர வேண்டாம்! அங்கேயே இரு! நான் மேல பேசி முடிச்சிட்டேன்!"

பிரேமிடம் போனில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. 'அப்படியா, சரி' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவான். ஒரு தடவையாவது அவனை முந்திக்கொள்ள வேண்டும், அவன் எதிர்பாராத நேரத்தில் போய் நிற்க வேண்டும். கடையைப் பற்றி அவனுக்கு என்னதான் மனசில் இருக்கிறது என்பதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும். முகம் கழுவிக்கொண்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினாள். முன்னால் சிமெண்ட் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அன்றைக்கென்று பஸ் எந்த லாரியையும் முந்தவில்லை.

கடை வாசலில் முதலில் கண்ணில் பட்டது, பெயர்ப்பலகை இல்லாததுதான். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. ஒருவேளை வண்ணம் அடிக்க இறக்கியிருப்பான் என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். அலமாரி காலி. செம்புக் கம்பிச் சுருள்கள் தொங்குகிற கொக்கிகள் காலி. தரையைக் கழுவித் துடைத்திருந்தது. மூலையில், காயில் சுற்றும் மெஷின் நிற்கிற இடத்தில், நாலு திருகாணி ஓட்டை மட்டும் இருந்தது.

"வாம்மா தங்கச்சி, எப்ப வந்த?" பக்கத்து டீக்கடை நல்லுசாமி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இந்தக் கடை தொடங்கின நாளிலிருந்து பிரேமுக்கு அண்ணன் மாதிரி.

"அண்ணே, என்னாண்ணே இது? கடை என்ன ஆச்சு?"

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா? பெங்களூரு போறீங்களாமே. கையில இருந்த மோட்டாரை எல்லாம் நேத்தோட கட்டிக் குடுத்துட்டான். மெஷினை உடையார்பாளையத்து வைரக்கண்ணுவுக்குக் குடுத்தாச்சு. இவன்கிட்ட வேல கத்துக்கிட்டவந்தானே அவன், புதுசா கடை போடறான். இப்ப இந்த எடத்து வூட்டுக்காரர்கிட்ட சாவியக் குடுக்கத்தான் போயிருக்கான்."

கீதாஞ்சலி வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு வீட்ல. நல்லா சாப்பிட்டாரு..."

"எங்கம்மா சாப்பிட்டான்?" நல்லுசாமி குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கெழமையிலேர்ந்து நீ கட்டிக் குடுக்குற சோத்த நாந்தான் திங்கிறேன். பசிக்கலண்ணே, மீதியக் கொண்டுபோனா கீதா கேக்கும், நீங்க சாப்பிடுங்கன்னு நீட்டிடுவான். டப்பாவைக் கழுவி அவனே எடுத்து வச்சுக்குவான். அந்த மெஷினை வேன்ல ஏத்துறப்ப இந்தப் பக்கம் திரும்பாம என் கடையில வந்து உக்காந்துக்கிட்டான்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சுலபமாக 'போயிடுவோம்' என்றவன் மேல் நாலு நாளாக மனசில் வளர்த்த கோபம் எல்லாம் போன இடம் தெரியவில்லை. எப்பேர்ப்பட்ட மக்கு நான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு அவனையும் திட்டினாள், அவனுக்கு ஒரு படி கூடுதலாகவே.

கொஞ்ச நேரத்தில் பிரேம் வந்தான். அவளைப் பார்த்ததும் திருடும்போது பிடிபட்டவன் போல நின்றான். நல்லுசாமி டீக்கடைக்கு நழுவிவிட்டார்.

"நீ எங்க இங்க?"

"கண்டுபிடிச்சிட்டேங்க. பெங்களூரு போக வேண்டியதில்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பிரேம் மெதுவாக வந்து அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். காலிக் கடையைத் திரும்பி ஒரு தடவை பார்த்தான். அப்புறம் ரோட்டைப் பார்த்தான்.

"என்ன கோளாறு அதுல?" என்றான்.

"அடுத்து எழுதப் போறோம்னு அதுவா நெனச்சுக்கிட்டு, இருக்கறத எல்லாம் முன்னாடியே துடைச்சு வச்சிடுது. அப்புறம் பாத்தா எழுத வேண்டிய வேலையே இல்ல. ஆனா இருந்தது போயிடுச்சு."

பிரேம் அதை யோசித்தான்.

"பாவம்" என்றான். "நல்லது செய்யணும்னுதான செஞ்சிருக்கு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"கேட்டா நீ எனக்காக வேணாம்னு சொல்லிடுவ. உனக்கு அங்க போகணும்னு ஆசை இருந்து, இந்தக் கடையாலதான் போகலன்னு ஆயிடக் கூடாதுல்ல. கடை இருந்தாத்தான அந்தப் பேச்சு. அதான்..." அவன் நிறுத்தினான். "அன்னைக்கு நீ சொல்ல வந்ததை முழுசாச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

"சரி. இப்பச் சொல்லு. அன்னைக்கு என்ன சொல்ல வந்த?"

ஒன்பது வருஷத்தில் அவன் இப்படி ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்ததை அவள் பார்த்ததில்லை. அவளும் அவசரப்படவில்லை.

"பெங்களூருக்கே வந்துடச் சொல்றாங்க, நான் வரலன்னு சொல்லப் போறேன். அதான் சொல்ல வந்தேன்."

பிரேம் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தாள். வார்னிஷ் வாசனை இல்லாமல் சோப்பு வாசனை அடித்தது அவனிடம். அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"வாங்க, இப்பவே உடையார்பாளையம் போய் மெஷினைக் கேட்டுடுவோம்."

"முடியாது கீதா. வைரக்கண்ணு அதுக்குப் பொட்டு வச்சு, மாலை போட்டு, சூடம் காட்டிட்டான். மொத மோட்டாரும் கட்ட ஆரம்பிச்சிட்டானாம். சூடம் காட்டுன மெஷினை எப்படித் திருப்பிக் கேக்கறது?"

அவன் சொன்னது நியாயம். அவள் திருத்தமும் அப்படித்தான். இனிமேல் அழியாமல் பார்த்துக்கொள்ளும், அழிந்ததைத் திருப்பிக் கொடுக்காது. அந்தப் பெரியவர் மறுபடி ரத்தம் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது.

"மெஷின் இல்லாம என்ன பண்ணுவீங்க?"

"கட்டையில கையால சுத்துவேன். அப்படித்தான ஆரம்பிச்சேன்." அதைச் சொல்லும்போதே அவன் கண் சுவரில் பெயர்ப்பலகை இருந்த வெளுப்பைப் போய்த் தொட்டுவிட்டு வந்தது. "வூட்டுக்காரரு ஊர்ல இல்ல. சாவி இன்னும் எங்கிட்டதான் இருக்கு."

"குடுங்க இப்படி." அவள் சாவியை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

அவன் சிரித்தான். அந்த வாரத்தில் பிந்தாமல் வந்த முதல் சிரிப்பு அதுதான்.

"ஆமா, அந்தத் துடைக்கிற வேலையை என்ன பண்ணின? எடுத்துட்டியா?"

"முழுசா எடுத்தா வேகம் போயிடும். நடுவுல எல்லாம் அது பாட்டுக்குத் தொடைக்கட்டும். ஓரத்துக்கு வர்றப்ப மட்டும் நின்னு, அளந்து பாத்துட்டுச் செய்யின்னு சொல்லியிருக்கேன்."

"கேட்டுக்குமா?"

"கேக்காம? ஒதை விழும்."

பிரேம் எழுந்து டீக்கடைப் பக்கம் இரண்டு அடி வைத்தான். அங்கேயே நின்றான். திரும்பி வந்தான். புதுசாகப் பெண் பார்க்க வந்தவன் போலத் தயங்கினான்.

"டீ... குடிக்கிறியா?"

கீதாஞ்சலிக்கு என்னவோ போலிருந்தது. யாரோ விருந்தாளியைக் கேட்பது மாதிரி இருந்தது.

"இதெல்லாம் கேக்காதீங்க" என்றாள். "போய் வாங்கிட்டு வாங்க."

அவன் ஓடினான். அவளுக்குப் பிடித்த மாதிரி, சர்க்கரை கம்மியாக, கிளாஸ் விளிம்பு வரை வாங்கி வந்தான். இரண்டு பேரும் காலிக் கடை வாசலில் உட்கார்ந்து குடித்தார்கள். அவன் டீ சீக்கிரம் முடிந்துவிட்டது. அவள் கிளாஸில் கடைசி மடக்கு இருக்கும்போது, வழக்கம்போல அவன் கை நீண்டு வந்தது. வந்த கை பாதியில் நின்றது. பிறகு பின்வாங்கி மடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

கீதாஞ்சலி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, அந்தக் கடைசி மடக்கை வேண்டுமென்றே மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். அவன் காத்திருந்தான். ஆறிப்போய்த்தான் இருந்தது டீ. அடிமண்டி வரை குடித்துவிட்டு அவளே கிளாஸை நீட்டினாள்.

"இந்தாங்க. முடிச்சிட்டேன்."